மார்பில் கட்டி தட்டுப்பட்டது முதல் தையல் ஆறும் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 46. ஆபரேஷன், கீமோ என்ற மருந்து ஏற்றுவது, நம் ஊரில் கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சு, மூன்றையும் பார்த்தவள். இப்போது சில வருடங்களாகத் திருச்சிப் பக்கம் இதே நோயோடு வரும் பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்கிறேன். அங்கே அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்து, உங்கள் ரிப்போர்ட்டைப் படித்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

கட்டி இருக்கிறது, ஆனால் வலியே இல்லை. புற்றுநோய் என்றால் வலிக்கும்தானே?

வலிக்காது. பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. நம் ஊரில் நிறைய உயிர்கள் போவது இந்த ஒரு தவறான நம்பிக்கையால்தான். குளிக்கும்போது புளியங்கொட்டை அளவில் ஏதோ கைக்குத் தட்டுப்படும். அழுத்திப் பார்ப்பார்கள், வலி இருக்காது. "வலி இல்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த அப்புறம் என்பது மகள் கல்யாணம் முடிந்த பிறகு, அறுவடை முடிந்த பிறகு, பையன் பரீட்சை முடிந்த பிறகு என்று தள்ளிப்போகும். எட்டு மாதம் ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்து, தோல் புண்ணான பிறகு வந்த அம்மாக்களின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. சின்ன வயதுப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் வழுக்கி வழுக்கி ஓடும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி. சிலருக்கு வெறும் நீர்க்கட்டி. அதனால் பயந்து ஒளிய வேண்டியதில்லை. எது எது என்று கையால் தொட்டுப் பார்த்து வீட்டில் யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கட்டி மட்டும்தான் அறிகுறி என்றும் இல்லை. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் அல்லது ரத்தம் கலந்த நீர் கசிவது, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடிப்பது, ஓரிடம் குழி விழுவது, அக்குளில் நெறி கட்டுவது, காம்பைச் சுற்றி ஆறாத சிரங்கு போல இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது வரும் கட்டியை எல்லோரும் "பால் கட்டு" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது பால் கட்டாகத்தான் இருக்கும். மருந்து சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

மூன்று கட்டம். மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசி மூலம் சதை எடுத்துப் பார்ப்பது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும்.

படம் என்பது 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, கூடவே ஸ்கேன். சின்ன வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது, அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். மேமோகிராம் அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் எதுவும் போடாதீர்கள். அந்தத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து குழப்பும். இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை அழுத்துவார்கள், சில நொடி வலிக்கும். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு.

ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணமானதுதான், ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். 4, 5 என்றால் சதைப் பரிசோதனை கட்டாயம். 0 என்று இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, இந்தப் படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லையாம்" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

ஊசி குத்தினால் நோய் கிளறிவிட்டுப் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. இந்தப் பயத்தால் பயாப்சிக்கு, அதாவது அந்தச் சதைப் பரிசோதனைக்கு, வராமல் ஓடுபவர்கள் நிறைய. ஊசியைவிட, பயாப்சி செய்யாமல் கத்தி வைப்பதுதான் கெடுதல். இதை நான் என் உடம்பிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் என் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதாம்மா, நாளைக்கே எடுத்துடலாம்" என்றார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற நிம்மதியில் நானும் தலையாட்டினேன். கட்டியை வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: புற்றுநோய், வெட்டிய ஓரத்திலும் நோய் இருக்கிறது. எந்தப் பக்கத்து ஓரம் என்று சொல்லக்கூட வழியில்லை, ஏனென்றால் எடுத்த சதையில் மேல் எது, கீழ் எது என்று நூல் கட்டி அடையாளம் வைக்கவில்லை. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டாவது ஆபரேஷன். முதலிலேயே ஊசியால் பார்த்திருந்தால் ஒரே ஆபரேஷனில் முடிந்திருக்கும், ஒருவேளை மார்பும் தங்கியிருக்கும்.

அதனால் யார் "உடனே எடுத்துடலாம்" என்றாலும், "முதலில் ட்ரூகட் பயாப்சி செய்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் தடித்த ஊசியால் நூல் நூலாகச் சதை எடுப்பது அது. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யில் செல்கள் மட்டும்தான் கிடைக்கும். புற்றுநோயா என்று சந்தேகத்தைச் சொல்லுமே தவிர, சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டிய மற்ற விவரங்களுக்குப் பெரும்பாலும் போதாது.

பயாப்சி ரிப்போர்ட்டில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு விஷயம்.

ஒன்று, வகை. "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா" என்பதுதான் அதிகம் வருவது. பால் குழாயில் தொடங்கி அதன் சுவரைத் தாண்டிவிட்டது என்று பொருள். "டி.சி.ஐ.எஸ்." என்றால் இன்னும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, வெளியே வரவில்லை.

இரண்டு, கிரேடு. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதற்கு 1 முதல் 3 வரை தரும் எண். இதை ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டு அழாதீர்கள். "கிரேடு 3" என்பதைப் பார்த்து "மூணாவது ஸ்டேஜாம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட குடும்பம் உண்டு. அந்த அம்மாவுக்கு இருந்தது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி.

மூன்று, ஹார்மோன் ஏற்பி: ஈ.ஆர்., பி.ஆர். இவை பாசிட்டிவ் என்றால் கட்டி பெண் ஹார்மோனை உணவாக வைத்து வளர்கிறது. மாத்திரையால் அந்த உணவை நிறுத்த முடியும். மற்ற நோய்களில் பாசிட்டிவ் என்றாலே கெட்ட செய்தி என்று பழகியிருக்கிறோம். இங்கே ஈ.ஆர். பாசிட்டிவ் என்பது நல்ல செய்திதான், ஒரு மருந்து கூடுதலாகக் கையில் இருக்கிறது.

நான்கு, ஹெர்-2. சில கட்டிகளை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம் இது. இதை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு தெரியவில்லை, ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்ய வேண்டும். செலவைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள். ஹெர்-2 பாசிட்டிவாக இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து பலன் தரும், வழக்கமாக ஒரு வருடம் போடுவார்கள். 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. முன்பு நம்மால் நினைத்தே பார்க்க முடியாத விலை. இந்தியக் கம்பெனிகளே அதே வகை மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை நன்றாக இறங்கியது.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிப்பிள் நெகட்டிவ். வேகமாக வளரும் வகை, முக்கிய மருந்து கீமோதான். கீமோவுக்கு நன்றாகக் கரைவதும் இந்த வகையில் அடிக்கடி நடக்கிறது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். எடுத்த சதையை உடனே, ஒரு மணி நேரத்துக்குள், சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். வெறும் சலைன் தண்ணீரில் போட்டு, மதியம் யாராவது லேபுக்குக் கொண்டுபோகட்டும் என்று விட்டால் ஈ.ஆர். சோதனையே தவறாக நெகட்டிவ் என்று வரலாம். டப்பாவை உங்கள் கையில் கொடுத்து அனுப்பினால், "இது ஃபார்மலின்தானே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எந்த ஸ்டேஜ் என்று எப்படித் தெரியும்? பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கட்டியின் அளவு, அக்குள் நெறி, உடம்பில் வேறு இடத்துக்குப் போயிருக்கிறதா, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ஸ்டேஜ். இரண்டு சென்டிமீட்டர் வரை டி1, ஐந்து வரை டி2, அதற்கு மேல் டி3. சின்னக் கட்டி, அக்குளில் ஒன்றும் இல்லை, வேறு தொந்தரவும் இல்லை என்றால், உடம்பு முழுவதும் நோயைத் தேடும் பெட் ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது. கட்டி பெரிதாக இருந்தாலோ நெறி கட்டியிருந்தாலோ எலும்பு, ஈரல், நுரையீரலைப் பார்ப்பார்கள்.

நான்காவது ஸ்டேஜ் என்றால் பொதுவாக முழுவதும் குணமாக்க முடியாது. ஆனால் பல பேருக்கு வருடக்கணக்கில் கட்டுக்குள் வைக்க முடிகிறது, ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 பாசிட்டிவ் உள்ளவர்களுக்கு முக்கியமாக. "கைவிட்டுட்டாங்க" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் விடாதீர்கள்.

இன்னொரு டாக்டரிடமும் கேட்க ஆசை. அதற்குள் பரவிவிடாதா?

இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. கையில் தட்டுப்படும் கட்டி வளர்வதற்குப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். நம் பெண்கள் நேரத்தைத் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். மறைத்து வைக்க எட்டு மாதம், முடிவெடுக்க எட்டு மணி நேரம். எட்டு மாதம் ஆபத்து. எட்டு மணி நேரமும் ஆபத்துதான், நான் மாட்டிக்கொண்டது அதில்தான். பயாப்சி ரிப்போர்ட் வரும் வரை காத்திருப்பது, இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுவது, குடும்பத்தோடு பேசுவது, இதற்கெல்லாம் ஆகும் நாட்கள் வீண் இல்லை.

இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. உங்கள் சதையை வைத்த கண்ணாடி ஸ்லைடும், மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே அவர்களுடைய லேபில் மறுபடி பார்ப்பார்கள். அவை உங்கள் சதை, கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கோபப்படுகிற டாக்டரும் உண்டு. நான் பார்த்த நல்ல டாக்டர்கள் யாரும் கோபப்பட்டதில்லை.

மார்பை முழுவதும் எடுத்தால்தானே பாதுகாப்பு?

இந்தக் கேள்வியை மாமியார்கள், அண்ணன்கள், கணவர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். "எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துடுங்க" என்று நோயாளியின் வாயைத் திறக்கவிடாமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூறு வருடத்துக்கு முன்பு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறைப்படி, மார்பு மட்டும் இல்லாமல் அடியில் உள்ள நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். எவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம். பெண்கள் நெஞ்சு குழிந்து, கை வீங்கி வாழ்ந்தார்கள். அப்புறம் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசி இருவரும் தனித்தனியாக அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பெண்களுக்கு மார்பை எடுப்பது, இன்னொரு பகுதிக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பது. இருபது வருடம் பின்தொடர்ந்த முடிவுகள் 2002இல் வெளிவந்தன. உயிரோடு இருக்கும் வாய்ப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அதனால் சரியான ஆளுக்கு மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன் எந்த விதத்திலும் அரைகுறை சிகிச்சை இல்லை. ஒரு நிபந்தனை: கதிர்வீச்சுக்குத் தவறாமல் போக வேண்டும். தினமும் போய்வர முடியாத ஊரில் இருப்பவர்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. அப்படிச் செய்யும்போது கட்டி முழுவதும் கரைந்துபோனால் இடம் தெரியாமல் போய்விடும் என்பதற்காகக் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் சின்ன கிளிப் வைக்கச் சொல்வார்கள்.

முழுவதும் எடுத்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. மார்பில் பல இடத்தில் கட்டி, மார்பின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிது, கதிர்வீச்சு கொடுக்க முடியாத உடல்நிலை என்று காரணங்கள் இருக்கும். சிலர் எல்லாம் தெரிந்தும் "எடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி" என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். அதுவும் சரிதான். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.

மார்பை மறுபடி உருவாக்கும் ஆபரேஷனும் உண்டு. வயிற்றுச் சதையோ முதுகுச் சதையோ வைத்துச் செய்வார்கள், சிலிக்கானும் வைப்பார்கள். கூடவே செய்யலாம், பின்னாலும் செய்யலாம். "இந்த வயசுல எதுக்கு" என்று மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை இது. வேண்டாம் என்றால் பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் பேட், பஞ்சு அடைத்த துணி பேட் கிடைக்கின்றன. கொஞ்சம் எடை இருப்பதாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் தோள் சாய்ந்து முதுகு வலிக்கும்.

அக்குளில் ஏன் கை வைக்கிறார்கள்?

நோய் மார்பை விட்டு வெளியே போனால் பெரும்பாலும் முதலில் போவது அக்குள் நெறிக்குத்தான். முன்பெல்லாம் எல்லா நெறியையும் எடுத்துவிடுவார்கள். இப்போது கைக்கு நெறி தட்டுப்படாதவர்களுக்கு, நீலச் சாயம் போட்டு அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கு சென்டினல் நோடு பயாப்சி என்று பெயர். அதில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை, கை வீக்கம் வரும் வாய்ப்பும் மிகவும் குறைகிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் இது செய்வார்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போனால் பதறாதீர்கள், அந்தச் சாயம்தான்.

ஆபரேஷனுக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? டிரெயின் குழாயை எப்படிச் சமாளிப்பது?

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு. தலை வழியாக மாட்டும் உடை எதுவும் உதவாது, கையைத் தூக்க முடியாது. ஒரு சின்னத் தலையணை, அக்குளுக்குக் கீழே வைக்க. தோளில் மாட்டும் துணிப்பை ஒன்று, டிரெயினைப் போட்டுக்கொள்ள.

தையலுக்குப் பக்கத்தில் குழாய் விட்டு, அதன் முனையில் ஒரு டப்பா தொங்கும். உள்ளே சேரும் நீரை வெளியே எடுக்கத்தான் அது. முதலில் ரத்தச் சிவப்பாக வரும், போகப்போக வெளிறி வைக்கோல் நிறமாகும். தினமும் ஒரே நேரத்தில் காலி செய்து, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுத வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து 30 மில்லிக்குக் கீழே வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரத்துக்கு மேலும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பதால் கூட இருப்பவர் யாராவது ஒருவர் பொறுப்பாக எழுதுங்கள். குழாய் எடுத்த பிறகும் நீர் சேர்ந்து மொத்தென்று இருக்கலாம். ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், வலிக்காது, அந்த இடம் ஏற்கெனவே மரத்திருக்கும்.

மரத்துப்போவது பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேல்கையின் உள்பக்கமும் அக்குளும் மாதக்கணக்கில் என்னுடையது இல்லாதது போல இருந்தது. அக்குள் வழியாகப் போகும் ஒரு மெல்லிய நரம்பு ஆபரேஷனில் பாதிக்கப்படுவதால் வருவது. சிலருக்கு முழுவதும் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். அந்தப் பக்கம் அக்குளைச் சவரம் செய்யும்போது வெட்டினாலும் தெரியாது, கவனம்.

கையை எப்போது தூக்கலாம்?

அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவே முடியாது. மறுநாளே விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது, தலை வாருவது ஆரம்பிக்கலாம். டிரெயின் இருக்கும் வரை தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம். எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஏறுவது போல ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். என் வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, வெள்ளையடிக்கும்போதும் விடச் சொல்லிவிட்டேன்.

அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறு மாதிரி இழுக்கிறதா? அது அடிக்கடி வருவதுதான், பயிற்சி செய்யச் செய்ய விடும். மாவு பிசைவது, குடம் தூக்குவது, ஸ்கூட்டர் ஓட்டுவதற்கெல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள்.

கை வீங்குமா? வளையல் போடலாமா?

நெறிகளை எடுத்த பக்கம் நிணநீர் வடியும் வழி குறைந்துபோவதால் வீக்கம் வரலாம். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். எல்லோருக்கும் வராது. முதலில் வளையல், மோதிரம், ரவிக்கைக் கை இறுகுவதில்தான் தெரியும். அதனால் தளர்ந்த வளையல் போடுங்கள், இறுகினால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கையில் காயம், கிருமி படாமல் பார்ப்பதுதான் முக்கியம். அரிவாள்மனை, எண்ணெய் தெறிப்பது, ரோஜா முள், கொசுக்கடியைச் சொறிவது, இவைதான் நம் வீட்டு ஆபத்துகள். தோட்ட வேலைக்கு உறை போடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. ஊசி, பி.பி. எல்லாம் முடிந்தவரை அடுத்த கையில்.

கையைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்பார்வையோடு மெதுவாக எடை கூட்டித் தூக்கிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று தெரிந்தது. ஆரம்ப வீக்கத்துக்கு இறுக்கு உறையும் பயிற்சியும் நன்றாகக் கேட்கும். முற்றவிட்டால் கஷ்டம்.

கீமோ எல்லோருக்கும் உண்டா? முடி போகுமா?

எல்லோருக்கும் இல்லை. கட்டி சின்னது, ஈ.ஆர். பாசிட்டிவ், நெறியில் ஒன்றும் இல்லை என்றால் சிலருக்குத் தவிர்க்க முடிகிறது.

போடுபவர்களுக்கு, வழக்கமான மருந்துகளில் முடி போகும். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கொத்துக் கொத்தாக. முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொண்டால் அதிர்ச்சி குறையும். முடிந்த பிறகு மறுபடி முளைக்கும், எனக்குச் சுருட்டையாக முளைத்தது. கீமோவில் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து உண்டு, அதை ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை.

கீமோ நாட்களில் மறக்கக் கூடாதது காய்ச்சல். 100.4 டிகிரி வந்தால், நடு ராத்திரியாக இருந்தாலும், பாராசிட்டமால் போட்டுத் தூங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமிகூட உயிரை எடுத்துவிடும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்கள் கீமோ தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கருமுட்டையைச் சேமிப்பது பற்றிப் பேச அதுதான் நேரம்.

கரண்டு வைத்தால் உடம்பு எரியுமா? பேரக் குழந்தையைத் தூக்கலாமா?

தூக்கலாம், தாராளமாக. வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு உங்கள் உடம்பில் தங்காது. நம் ஊரில் கரண்டு என்று சொன்னாலும் மின்சாரம் இல்லை, ஷாக் அடிக்காது. சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு ஐந்து வாரம், 25 தடவை. இப்போது பல பேருக்கு மூன்று வாரம், 15 தடவை. சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவையிலும் முடிக்கிறார்கள். தோல் வெயிலில் கருத்தது போல ஆகும், கடைசியில் உரியலாம். தளர்ந்த பருத்தி உடை போடுங்கள். மஞ்சள், சந்தனம், தேங்காயெண்ணெய் எதையும் கேட்காமல் பூசாதீர்கள். உடம்பில் போட்ட அடையாளக் கோடுகளை அழித்துவிடாதீர்கள்.

மாத்திரை ஐந்து வருடமா?

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் குறைந்தது ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென், நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனாஸ்ட்ரோசோல். உடம்பெல்லாம் திடீரென்று சூடு பரவும், லெட்ரோசோலில் மூட்டு வலிக்கும், எலும்பு தேயும். தொந்தரவு தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். "எல்லாம் சரியாயிடுச்சே" என்று இரண்டாவது வருடத்தில் நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். டமாக்ஸிஃபென் சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே காட்டுங்கள்.

என்ன பத்தியம்? முள் சீத்தா சாப்பிட்டால் கரையும் என்கிறார்களே?

கரையாது. முள் சீத்தா, கோதுமைப்புல் என்று மூன்று மாதம் குடித்துவிட்டு, கட்டி இரண்டு மடங்காகி வந்தவர்களை மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டார் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் போன மூன்று மாதத்தை அவர்களால் திருப்பித் தர முடியாது.

பத்தியம் ஒன்றும் இல்லை. தையல் ஆறவும் அணுக்கள் கூடவும் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், பனீர். முட்டையையும் கோழியையும் "சூடு" என்று நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் வேண்டிய சாப்பாடு. கீமோ நாட்களில் வெளிச் சாப்பாடு, வெட்டி வைத்த பழம், அரைவேக்காடு வேண்டாம். வாய்ப்புண் வந்தால் காரம் இல்லாத தயிர்சாதம், ஆறிய கஞ்சி இறங்கும்.

செலவுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் எடுக்கலாம். நோய் வந்த பிறகும் எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள், கட்டிய பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது அது. வசதி இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த இடம்.

கணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது: பக்கத்தில் படுக்கலாமா? எனக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிக்கொள்ளலாம், தாம்பத்தியம் வைத்துக்கொள்ளலாம். கீமோ நாட்களில் ஆணுறை வேண்டும், கர்ப்பம் கூடாது என்பதற்காகவும், மருந்து உடல் நீரில் சில நாள் இருக்கும் என்பதற்காகவும்.

கட்டைப் பிரித்த முதல் நாள் அவள் கண்ணாடியைப் பார்க்க மாட்டாள். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். என் கணவர் அன்று ஒன்றுமே பேசவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து, தழும்பைச் சுற்றித் துடைத்துவிட்டு, நைட்டி பட்டனைப் போட்டுவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. தூக்கம் வராமல், அழுகை நிற்காமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

என் மகளுக்கும் வருமா?

பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். குடும்பத்தில் பல பேருக்கு மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய், மிக இளம் வயதில் வந்தது, டிரிப்பிள் நெகட்டிவ், ஆணுக்கு வந்தது, இப்படி இருந்தால் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். ஆம், ஆண்களுக்கும் வரும், நூற்றில் ஒன்று போல. அப்பா வழிச் சொந்தத்தையும் கணக்கில் எடுங்கள், அந்த மரபணுக் கோளாறு இரண்டு பக்கமிருந்தும் வரலாம். நோய் வந்தவருக்குத்தான் முதலில் சோதனை செய்வார்கள். மகளுக்குக் கல்யாணம் தடைப்படும் என்று இதை மறைக்கும் தாய்மார்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மகளுக்குத் தெரிந்தால்தான் அவள் முன்கூட்டியே படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள முடியும்.

மரபணுக் கோளாறு இல்லாத வீட்டுப் பெண்களுக்கும் ஒன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மட்டும் பரிசோதித்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கேட்டாலே பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்தது. இனி எப்போது போக வேண்டும்?

முதல் மூன்று வருடம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது வருடம் வரை ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை. மீதியுள்ள மார்புக்கு வருடா வருடம் மேமோகிராம். தொந்தரவு எதுவும் இல்லாதபோது ஒவ்வொரு தடவையும் பெட் ஸ்கேன், ரத்தத்தில் புற்றுநோய் அடையாளம் தேடும் மார்க்கர் டெஸ்ட் என்று எடுக்க வேண்டியதில்லை.

மறுபடி வரலாமா என்றால் வரலாம், எல்லோருக்கும் வராது. செக்கப் தேதிக்கு முதல் வாரம் எனக்கு இன்னும் தூக்கம் கெடும். அது எல்லோருக்கும் இருக்கிறது. தழும்பில் புது முடிச்சு, அக்குளிலோ கழுத்திலோ நெறி, இரண்டு மூன்று வாரமாக விடாத இடுப்பு வலி அல்லது முதுகு வலி, நிற்காத இருமல், மூச்சு வாங்குவது, மஞ்சள் காமாலை, புதிதாக வரும் தலைவலியோடு வாந்தி, இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு அந்த வாரமே போங்கள்.